பன்னிரண்டாவது தலை

பத்துத் தலைதான் இருந்தது.

வழிகாட்டி மறுபடியும் எண்ணினார். மணிக்கூண்டுக்குக் கீழே, வேனிலிருந்து இறங்கியவர்கள் சோம்பல் முறித்துக்கொண்டு நின்றார்கள். இடமிருந்து வலமாக எண்ணினாலும் பத்து, வலமிருந்து இடமாக எண்ணினாலும் பத்து. புறப்படும்போது பதினொன்று. இன்னும் ஒரு கட்டடத்தைக்கூடக் காட்டவில்லை, அதற்குள் ஓர் ஆளைத் தொலைத்தாயிற்று. அவருக்குப் பயம் வந்துவிட்டது.

வராதா பின்னே? போன மாதம்தான் ஒரு பல் டாக்டரை அருவிக்கரையிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அன்றிலிருந்து மணிக்கொரு தடவை போன் செய்து தலைக்கணக்குச் சொல்ல வேண்டும் என்பது மச்சானின் உத்தரவு. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டிராவல்ஸ் முதலாளியும் அவரே. இரண்டு அதிகாரமும் ஒரே ஆளிடம் இருந்தால் மனிதன் எங்கே போய் முறையிடுவான்?

வழிகாட்டிக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் 'ரிவர்ஸ்'. பயணிகளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசுவார். வேனுக்குள்ளும் அதே கதைதான். பயணிகள் பக்கம் முகம், போகிற பக்கம் முதுகு. எட்டு மாதத்தில் இவர் ரோட்டைப் பார்த்ததே இல்லை என்று கேலி பேசுவார்கள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஒரு வரைபட அச்சகத்தில் பிழை திருத்தியவர். வரைபடத்தில் பெரிய ஊருக்குப் பெரிய எழுத்து, சின்ன ஊருக்குச் சின்ன எழுத்து. பள்ளத்தாக்கு ஊர்களுக்கோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்து. அந்தப் பெயர்களைத் திருத்தித் திருத்தியே அவருக்கு அந்த ஊர்கள்மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. அச்சகத்தை மூடியதும் மச்சான் வேலை கொடுத்தார். இவர் உடனே ஒரு புதுப் பாதை போட்டுக் கொடுத்தார்: 'பள்ளத்தாக்கின் பழைய கடைத்தெருக்கள், ஒருநாள் பயணம்.'

"மாப்ளே, அருவிக்கு வேன் விட்டா உக்கார இடமில்ல. நீங்க என்னடான்னா பழைய கடையப் பாக்கக் கூட்டிட்டுப் போறேங்கிறீங்க" என்று முந்தின நாள் மச்சான் கேட்டிருந்தார். "நாலு தடவ போனீங்க. எவனாவது திரும்பி வந்தானா?"

"வருவாங்க மச்சான். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்தது போதும். இதுதான் கடைசி டிரிப்பு. இந்தாங்க ஃபாரம். ஒரே ஒரு கேள்விதான்: 'மறுபடியும் இதே பாதையில் வருவீர்களா?' வந்தவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'ஆம்'னு எழுதட்டும். ரூட்டு இருக்கும். இல்லேன்னா நாளைலேர்ந்து நீங்க அருவிதான்."

ஒரே ஓர் 'ஆம்'. அதற்காகத்தான் ரிவர்ஸ் இராத்திரியெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். இங்கே என்னடா என்றால் ஆளையே காணோம்.

அப்போதுதான் வேனுக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தனியாக நிற்பது கண்ணில் பட்டது. கட்டம் போட்ட சட்டை. ஐம்பது வயது இருக்கும். ரிவர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார்! அங்க என்ன தனியா நிக்கிறீங்க? வாங்க வாங்க!"

அவர் திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "என்னையா?"

"பின்ன, சுவத்தையா? உங்களுக்குத்தானே ஊரைக் காட்டணும்!"

"இல்ல… வண்டி…"

"வண்டி எங்கேயும் ஓடிப்போயிடாது சார். வாங்க!" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் நிறுத்தினார். கட்டம் போட்ட சட்டைக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைக் கோதிக்கொண்டு நின்றார்.

பதினொன்று. ரிவர்ஸ் உடனே போன் போட்டார்.

"பதினொண்ணு மச்சான். முழுசா இருக்கு."

"நல்லது. ஒண்ணும் குறையாம கூட்டிட்டு வந்து சேருங்க."

பயணம் களைகட்டியது. ரிவர்ஸ் பின்பக்கமாக நடந்துகொண்டே இரண்டு கையையும் விரித்தார். "எல்லாரும் மேல பாருங்க! கடைத்தெருவை எப்பவும் மேலதான் பாக்கணும். கீழ இருக்கிற போர்டு நேத்து மாட்டினது. மேல இருக்கிற ஜன்னல் நூறு வருஷத்துக்கு முன்னாடி வெச்சது. பாருங்க, அந்த இரும்புத் தூண்ல பட்டறைக்காரன் தன் முத்திரையக் குத்தியிருக்கான்!"

பதினொரு தலையும் மேலே நிமிர்ந்தது. மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தின் நெற்றியில், அழிந்தும் அழியாமலும் ஒரு காலணி பாலிஷ் விளம்பரம். பக்கத்தில் வளைந்த இரும்புக் கிராதி வைத்த பால்கனி.

"அடேயப்பா!" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர். "இந்தத் திருப்பத்துல எத்தன வாட்டி போயிருப்பேன்! இப்படி ஒரு பால்கனி இருக்கிறதே தெரியாது சார். நான் எப்பவும் கீழயே பாத்துட்டுப் போறவன்."

"அதான் எல்லாரும் பண்ற தப்பு" என்றார் ரிவர்ஸ் பெருமையோடு.

பழைய வங்கிக் கட்டடம் இப்போது மெத்தைக் கடை. ஒரு முழம் கனமுள்ள பெட்டக அறைக் கதவைத் திறந்து காட்டினார் மெத்தைக்காரர். உள்ளே கூரை வரை தலையணை.

"உலகத்துலயே இவ்வளவு பாதுகாப்பா தலகாணி வெச்சிருக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்றார் வக்கீல். பதினொருவரில் அவர் கொஞ்சம் குத்தலாகப் பேசுகிற ஆள்.

மெத்தைக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "மெத்த வாங்க வரலியா? கதவப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ரொம்ப நன்றிங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கதவத் தொடச்சிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். சொல்லிக்கொண்டே கதவை இன்னொரு தடவை துடைத்தார். ரிவர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன எழுத்து ஊர்க்காரர்கள் இப்படித்தான். யாராவது எட்டிப் பார்த்தாலே அவர்களுக்குப் போதும், மனம் நிறைந்துவிடும்.

வெளியே வந்து எண்ணினார். பன்னிரண்டு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். பன்னிரண்டேதான். ஆள் குறைந்தால் தேடலாம். கூடினால் என்ன செய்வது? எண்ணிக்கை தப்பாகப் போனால் மச்சான் போனிலேயே ரூட்டை மூடிவிடுவார்.

ஒரு யோசனை தோன்றியது. "எல்லாரும் ஒரு நிமிஷம்! நம்ம வேன்ல வந்தவங்க மட்டும் கையத் தூக்குங்க!"

கட்டம் போட்ட சட்டைக்காரர் எல்லோருக்கும் முதலில் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். எண்ணினால் பதின்மூன்று.

"யாருங்க பதிமூணாவது?"

"நான் ரெண்டு கையும் தூக்கியிருக்கேன்" என்றார் வக்கீல். "இது என்ன விளையாட்டுய்யா? எங்களத் திருடங்கன்னு நினைக்கிறீரா?"

"அய்யய்யோ, இல்லீங்க! சும்மா… டிக்கெட்டக் கொஞ்சம் காட்டினீங்கன்னா…"

"டிக்கெட்டா? ஏறும்போதே வாங்கிக் கிழிச்சுப் போட்டீரே!"

கிழித்தது நிஜம்தான். ரிவர்ஸ் அசடு வழிந்தார். கூட வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்த பார்வையில், அவருக்கு நான்காம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மணி ஒன்று ஆகியிருந்தது.

"எத்தன?" என்றார் மச்சான்.

ரிவர்ஸுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவருடைய பெரிய குறை. "பன்னெண்டு மச்சான்."

"போகும்போது பதினொண்ணு. வழியில யாராவது பெத்துக்கிட்டாங்களா?"

"எவனோ உள்ளூர்க்காரன் கூட்டத்துல சேந்துட்டான்போல. யாருன்னுதான் தெரியல."

"இதுக்கெல்லாம் மூளை வேணும் மாப்ளே. எல்லாரையும் ஜோடி ஜோடியா நிக்க வைங்க. பதினொண்ணு ஒத்தப்படை. கடைசியில ஒத்தையா நிக்கிறவன் எவனோ, அவன்தான் வெளியாளு!"

ஆஹா என்று இருந்தது ரிவர்ஸுக்கு. மச்சான் முதலாளி ஆனது சும்மா இல்லை. உடனே எல்லோரையும் ஜோடியாக நிற்கச் சொன்னார். புதிதாகக் கல்யாணமான பையனைப் பேச்சு ஓயாத இரண்டு அக்கா தங்கைகளில் அக்காவோடும், அவனுடைய மனைவியை வக்கீலோடும், தங்கையைக் கட்டம் போட்ட சட்டைக்காரரோடும் நிறுத்தினார். அழகாக ஆறு ஜோடி வந்தது. ஒருவரும் மிச்சமில்லை.

பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் மிச்சம் எங்கிருந்து வரும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகல. அதுக்குள்ள என்னை வக்கீல்கிட்ட அனுப்பிட்டாங்க" என்று புதுப்பெண் முணுமுணுத்தாள். மாப்பிள்ளைப் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

ரிவர்ஸ் இனி முகத்தைப் பார்ப்பது என்று முடிவு கட்டினார். இத்தனை நாளும் தலையைத்தான் எண்ணியிருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். வக்கீல், சந்தேகமில்லை. அக்கா தங்கை, காதே சாட்சி. கட்டம் போட்ட சட்டை, தன் கையாலேயே அழைத்து வந்த ஆள். கடைசியில், பழைய தபால் நிலையத்தின் பித்தளைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒல்லியாக, ஒரு வார்த்தை பேசாமல் நின்ற பெரியவர்மேல் கண் நின்றது. இந்த முகத்தை மணிக்கூண்டில் பார்க்கவில்லை. நிச்சயமாக இல்லை. ஆள் அகப்பட்டார்!

மெல்லப் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னார்: "அய்யா, தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லாம் பாத்தாச்சில்ல? நீங்க இப்படியே போயிட்டு வாங்க."

பெரியவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்.

என்ன மரியாதையான மனுஷன் என்று ரிவர்ஸ் நினைத்துக்கொண்டார். போன் போட்டு, "பதினொண்ணு மச்சான்!" என்றார். மறுபடியும் கையை விரித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் உலகமே ஒழுங்காக இருந்தது.

பிறகு தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க என் வீட்டுக்காரர்?"

"யாரும்மா?"

"ஒல்லியா இருப்பாரு. பேசமாட்டாரு. காலையில வண்டி நின்னதும் பாத்ரூம் தேடிப் போனாரு, அப்புறம் வந்து சேந்துக்கிட்டாரே!"

ரிவர்ஸின் கால் பின்பக்கமும் போகவில்லை, முன்பக்கமும் போகவில்லை.

"என்னய்யா முழிக்கிறீரு?" என்றார் வக்கீல்.

"அவர… நான்தாங்க… போகச் சொன்னேன்."

"போகச் சொன்னீங்களா! எங்க?" தலைமையாசிரியையின் குரலில் மணிக்கூண்டுப் புறாக்கள் பறந்தன. "அவரு யாரு என்ன சொன்னாலும் கேக்கிற மனுஷனாச்சே! எங்க போனாரோ, எந்த பஸ்ல ஏறினாரோ!"

தெருவே திரண்டுவிட்டது. மெத்தைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மருந்துக்கடைக்காரர் வந்தார். பயணிகள் நாலா பக்கமும் பிரிந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். அக்கா தங்கைகள் பழைய சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்து, வெல்வெட் கிழிந்த நாற்காலிகளுக்கு நடுவே தேடினார்கள். புதுமணத் தம்பதிகள் மரப்படி ஏறி மணிக்கூண்டின் சக்கரங்களுக்குள் தேடினார்கள். பெரியவர் அகப்படவில்லை, ஆனால் இறங்கி வரும்போது கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாக ஓடினார். "எல்லாரையும் பத்திரமா கொண்டுபோய்ச் சேக்கணுமே" என்று புலம்பிக்கொண்டே ஓடினார். யார் வீட்டுப் பெரியவருக்காகவோ இந்த மனுஷன் இப்படித் தவிக்கிறாரே என்று ரிவர்ஸுக்கு உள்ளுக்குள் உருகியது.

பெரியவர் சலூனில் இருந்தார். பீங்கான் கைப்பிடி வைத்த நூறு வருட நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"போகச் சொன்னாரு. வந்தேன்" என்றார் பெரியவர் கண்ணைத் திறக்காமலே. "முப்பத்தாறு வருஷமா நீ சொன்னதையும் இப்படித்தானே கேட்டுட்டு இருக்கேன்?"

சலூன்காரர் சிரித்தார். வக்கீல்கூடச் சிரித்தார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண் ஈரமாக இருந்தது. அதை மறைக்க ரிவர்ஸைத் திட்டினார். ரிவர்ஸ் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஆள் கிடைத்ததே, இனி நாலு அடி அடித்தாலும் சரி என்று இருந்தது அவருக்கு.

மணி நாலாகிவிட்டது. மெத்தைக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ரிவர்ஸ் ஃபாரத்தை எடுத்தார். மறுபடியும் பன்னிரண்டு தலை இருந்தது. இனி யாரையும் போகச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்.

"எனக்குமா?" என்றார் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

"உங்களுக்கு இல்லாமலா? நீங்களும்தானே பாத்தீங்க."

அவர் ஃபாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஓர் ஓரமாகப் போய் நின்று, வெகு நேரம் எழுதினார். மடித்துக் கொடுத்துவிட்டு, "நான் முன்னாடி போறேன் சார். வேலை இருக்கு. இந்த நாளை மறக்கமாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று முனை திரும்பிப் போய்விட்டார்.

ரிவர்ஸ் வேனில் ஏறி எண்ணினார். பதினொன்று. இப்போதுதான் புரிந்தது அவருக்கு. அட, உள்ளூர்க்காரர் இவர்தானா! சொந்த ஊரையே அண்ணாந்து பார்க்காத மனுஷன், இன்றைக்குத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். போகட்டும், நல்லா இருக்கட்டும். கணக்கு எப்படியோ சரியாகிவிட்டது. பயணிகள் பக்கம் முகத்தை வைத்து, போகிற பக்கம் முதுகைக் காட்டி நின்றபடி, ஊர் சேரும்வரை அவர் அந்தப் பதினொரு முகங்களையும் நன்றியோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆபீஸில் மச்சான் ஃபாரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"'தெரு பிரமாதம். ஆனால் என்னை மாட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். இல்லை.' இது வக்கீலாத்தான் இருக்கும். 'நல்ல ஊர். நல்ல மனிதர்கள். வழிகாட்டிக்குக் கணவர்மார்களை அடையாளம் காணப் பயிற்சி தேவை. இல்லை.' அடுத்தது. 'ஷேவிங் நன்றாக இருந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.' மாப்ளே, இதையெல்லாம் 'ஆம்'னு எடுத்துக்க முடியாது."

"ம்" என்றார் ரிவர்ஸ்.

பத்து 'இல்லை'. ஒரு 'கேட்டுச் சொல்கிறேன்'. கடைசியாக ஒரு மடித்த ஃபாரம். மச்சான் அதைப் பிரித்தார். புருவம் மேலே போயிற்று.

"'ஆம். ஆம். ஆம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவேன். இவ்வளவு நாளும் குனிந்தே போனேன். இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். கூப்பிட்டவருக்குக் கோடி நன்றி.'" மச்சான் ஃபாரங்களை எண்ணினார். "பன்னெண்டு. டிக்கெட் பதினொண்ணு. மாப்ளே, இது நீங்களே எழுதிக்கிட்டதுதானே?"

"சத்தியமா இல்ல மச்சான்! அந்த ஊர்க்காரர் ஒருத்தர்…"

"ஊர்க்காரன் எழுதினா செல்லுமா? நான் என்ன சொன்னேன்? நம்ம வேன்ல போய்ட்டு வந்தவங்க எழுதணும். பொய் சொல்லத் தெரியாதவர்னு நினைச்சேன், அதையும் கத்துக்கிட்டீங்க. போதும். ரூட்ட மூடியாச்சு. நாளைக்குக் காலையில அருவி."

ரிவர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். சின்ன எழுத்து ஊர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து போயின. பெட்டகக் கதவைத் துடைத்துக்கொண்டு நிற்பாரே அந்த மெத்தைக்காரர், அடுத்த வாரம் யாரும் வரவில்லை என்றால் என்ன நினைப்பார்? அதை நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மேசைமேல் ஒரு சாவிக்கொத்து விழும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார். எதிரே கட்டம் போட்ட சட்டை.

"அத எழுதினது நான்தான் முதலாளி," என்றார் அவர், "பன்னெண்டு வருஷமா உங்க வண்டிய ஓட்டிட்டுப் போய் ஊர் ஊரா ஆளுங்கள இறக்கி விட்டுட்டு சீட்டுலயே உக்காந்திருக்கேன், டிரைவரையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஊரைக் காட்டின முதல் ஆளு நம்ம ரிவர்ஸ் சார்தான், அடுத்த வாரம் அதே ரூட்டுக்கு எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ரெண்டு டிக்கெட் போடுங்க, வண்டிய வேற யாராச்சும் ஓட்டட்டும்!"